பலகை என் கதவில்

ஜனவரி 6, சனி

இந்த டைரி அக்கா அனுப்பியது. கோவில்பட்டிப் பாத்திரக்கடை ஒன்றில் புது வருஷத்துக்கு இனாமாகக் கொடுத்தார்களாம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நல்ல நேரம், ராகு காலம் அச்சடித்திருக்கிறது. ஸ்டுட்கார்ட்டில் ராகு காலம் எத்தனை மணிக்கு வரும் என்று யாரைக் கேட்பது? இருந்தாலும் எழுதுகிறேன். தமிழில் திட்டித் தீர்க்க இந்த ஊரில் எனக்கு ஆள் இல்லை.

இன்று படி பெருக்கும் முறை எனக்கு. இந்த ஊர்க்காரர்களுக்கு இது சாமி காரியம் மாதிரி. ஒரு மாடியில் இரண்டு வீடு, வாரம் மாற்றி வாரம் முறை. யார் முறையோ அவர்கள் கதவுக் குமிழில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். சனிக்கிழமைக்குள் நம் மாடியிலிருந்து கீழ்மாடி வரைக்கும் பதினெட்டுப் படியையும் பெருக்கி, ஈரத்துணி போட்டு, கைப்பிடியைத் துடைத்து, பலகையைக் கழற்றி எதிர்வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். மூன்றாம் மாடியில் நானும் கெஸ்லர் தம்பதியும்தான். பலகை எங்கள் இரண்டு கதவுக்கும் நடுவில் போய்ப் போய் வருகிறது.

நான் முடித்ததும் கெஸ்லர் அம்மாள் வெளியே வந்தாள். எழுபத்தெட்டு வயது. நாற்பத்தொரு வருஷமாக இதே வீடு. கைப்பிடியின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டி, அந்த விரலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். "மூலை" என்றாள். பிறகு ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷைக் கொண்டுவந்து ஏழாம் படியின் மூலையைத் தேய்த்தாள். நான் தேய்க்கிறேன் என்று சொல்வேன் என எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவள் வீட்டுக்காரர் வேறு ரகம். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், எண்பத்தொன்று. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் என்னை 'வல்லி' என்று வெட்டிவிட்டார்கள். இவர் மட்டும் முதல் நாளே என் பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். இப்போது மாடி ஏறும்போது படிக்கு ஒரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். செண். ப. க. வல். லி. பதினெட்டுப் படிக்கு மூன்று தடவை முழுசாக வரும். மிச்சம் மூன்று படிக்கு விசில்.

ஜனவரி 9, செவ்வாய்

மகள் சுபியின் விசா பாரம் ஆறாவது தடவையாக. தகப்பனார் சம்மதம் என்ற கட்டத்தில் இந்தத் தடவையும் கனகவேலின் இறப்புச் சான்றிதழ் நகலைத்தான் வைத்தேன். அதைப் பத்திருபது நகல் எடுத்துவைத்திருக்கிறேன், ரேஷன் கார்டு மாதிரி.

எல்லாம் சரியாக இருக்கிறது. வேலை இருக்கிறது, மொழிப் பரீட்சை பாஸ், சம்பளச் சீட்டு இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று. வீட்டுச் சொந்தக்காரர் மாயர் எனக்குக் கொடுத்திருப்பது ஆறு மாத வாடகை ஒப்பந்தம், பிப்ரவரி 29 அன்று முடிகிறது. பிள்ளையைக் கூப்பிட நிரந்தர ஒப்பந்தம் வேண்டும். சென்னையில் சுபிக்கு நேர்காணல் பிப்ரவரி 26. அதற்குள் அந்தத் தாள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மாயர் நல்லவர்தான். "கட்டடத்தில் யாரும் உங்களைப் பற்றிப் புகார் சொல்லாதவரை, பிப்ரவரியில் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

சமைக்கும்போது தாளிப்பு வாசம் வெளியே போகாமல் கதவிடுக்கில் ஈரத்துண்டு வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதில்லை. வீட்டுக்குள் செருப்பைக்கூட மெதுவாகத்தான் வைக்கிறேன். பதினொரு வயசுப் பிள்ளைக்காக இன்னும் ஐம்பது நாள் பூனை மாதிரி இருந்துவிட்டால் போகிறது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். காலை ஷிப்ட். மாவு புளிக்கவேயில்லை, ஹீட்டர் மேல் வைத்தும்.

ஜனவரி 20, சனி

மறுபடி என் முறை. காலை எட்டு மணிக்கு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கெஸ்லர் அம்மாள் என் கதவைக் கையால் அறைந்தாள். மணி அடிக்க வேண்டும் என்பதைக்கூட மறந்திருந்தாள்.

பெரியவர் சமையலறைத் தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்திருக்கிறது, பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், மணி குறித்துக்கொண்டேன், ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பன்னிரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். பனிக்காகத் தெருவில் போட்டிருக்கும் பொடிக்கல்லும் சேறும் அவர்கள் பூட்ஸோடு பதினெட்டுப் படியும் ஏறி வந்தது. பெரியவரை நாற்காலியில் கட்டிக் கீழே இறக்கினார்கள். ஐந்தாம் படியில் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார், எழுத்து ஒன்றும் வரவில்லை.

வண்டி போய்விட்டது. நான் விளக்குமாறும் கையுமாக நின்றேன். படி முழுக்கச் சேறு.

ஒரு ஆள் வாசலைத் தாண்டிக் கிளம்பிப் போனதும் அந்த வீட்டைத் தூத்தக்கூடாது, பெருக்கக்கூடாது. கோவில்பட்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிணம் எடுத்த வீட்டில்தான் உடனே தூத்தி, தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். போனவர் திரும்பி வர வேண்டும் என்றால் அவர் போன தடத்தை அப்படியே விட வேண்டும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பதினான்கு வருஷமாக நர்ஸ். ரத்தம் அடைத்ததற்கும் விளக்குமாற்றுக்கும் என்ன சம்பந்தம்?

வாளித் தண்ணீரைக் குளியலறையில் கொட்டிவிட்டு விளக்குமாறை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஜனவரி 21, ஞாயிறு

கெஸ்லர் அம்மாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டே ஏறினாள். அவர் பிழைத்துக்கொண்டார், வலது பக்கம் வரவில்லை, பேச்சு இல்லை என்றாள். அடுத்த மூச்சிலேயே, "இது உங்கள் வாரம்" என்றாள்.

"தெரியும். அவர் வந்த பிறகு பெருக்குகிறேன்."

"அவர் வருவதற்கும் இதற்கும் என்ன?"

என்ன சொல்வது? நாற்பத்தொரு வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவரை விட்டுவிட்டு வந்து நிற்கிறவளிடம், பெருக்கினால் உன் புருஷன் வரமாட்டார் என்றா சொல்வது? அவள் கதவை மூடிக்கொண்டாள்.

அவளே பெருக்கிவிடுவாள் என்று பயந்தேன். தேவையில்லாத பயம். பலகை என் கதவில் தொங்கும்வரை அவள் தொடமாட்டாள், தலையே போனாலும். நான் பெருக்காமல் பலகையை மாற்றவும் முடியாது. ஆக, பலகை என் கதவில்.

ஜனவரி 27, சனி

பெருக்கவில்லை.

கீழ்மாடிக்காரர் என்னைப் பார்த்ததும் தன் பூட்ஸை மிதியடியில் நாலு தடவை அழுத்தித் தேய்த்தார். எனக்குப் பாடமாம். நான் சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்லிவிட்டு ஏறினேன். காலடியில் பொடிக்கல் நறநற என்றது. அதில் பெரியவரை இறக்கிய பூட்ஸ் தடம் ஐந்தாம் படியில் இன்னும் இருக்கிறது. அதை மிதிக்காமல் தாண்டித்தான் போகிறேன்.

ஜனவரி 30, செவ்வாய்

மாயரிடமிருந்து கடிதம். திருமதி கெஸ்லர் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறார். பிப்ரவரி 9 வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நேரில் வந்து பார்ப்பார். அதற்குள் படி சுத்தமாக இல்லாவிட்டால் புது ஒப்பந்தம் பற்றிப் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. கடைசியில் 'அன்பான வாழ்த்துகளுடன்' என்று போட்டிருக்கிறது.

கடிதத்தை மடித்துச் சுபியின் விசாத் தாள்களோடு வைத்தேன்.

பிப்ரவரி 1, வியாழன்

அக்காவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பதினெட்டுப் படி. பத்து நிமிசம் ஆவுமா? தூத்தித் தொலையேன்."

"அவரு இன்னும் வரலக்கா."

"அவரு உனக்கு யாரு? மாமனா, மச்சானா? இங்க ஒரு புள்ள தெனமும் நாள்காட்டியக் கிழிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு. அதுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

அக்கா குரலை இறக்கினாள்.

"வல்லி. அன்னிக்கு நடந்தது உன்னால இல்ல. எத்தன தடவ சொல்லுதது?"

அதைப் பற்றிப் பேசவே இல்லையே என்று கத்திவிட்டு போனை வைத்தேன். அக்காவுக்கு எதையும் எதோடாவது முடிச்சுப் போடாவிட்டால் தூக்கம் வராது.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று அலமாரியைத் திறந்து விளக்குமாறை வெளியே எடுத்தேன். எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும், அதனால் எழுதுகிறேன். கதவு வரைக்கும் போனேன். முதல் படியில் நுனியை வைத்தும்விட்டேன். இழுக்காமலே எடுத்து மறுபடி அலமாரிக்குள் வைத்தேன்.

உள்ளே வந்து சுபியை வீடியோவில் கூப்பிட்டேன். கோரைப்பல் விழுந்த இடத்தில் புதுப்பல் முளைத்துக் கோணலாக நிற்கிறது. பெரிய மனுஷியிடம் சொல்வது போல் எல்லாவற்றையும் சொன்னேன். தூத்தினால் வாடகைப் பத்திரம் கிடைக்கும், நீ மே மாசம் இங்கே இருக்கலாம். தூத்தாவிட்டால் தெரியாது. அம்மா என்ன செய்யட்டும்?

நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள். "அந்தத் தாத்தா வந்துட்டாராம்மா?"

"இல்ல."

"அப்ப தூத்தாத."

"சுபி, நல்லா யோசிச்சியா?"

"தூத்தாதம்மா. நான் பெரியம்மா வீட்ல இருந்துக்கிடுதேன்." கண்ணைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கு நான் முழிச்சிதான் இருந்தேன்."

வீட்டுப்பாடம் முடித்துவிட்டாயா என்று கேட்டேன்.

பிப்ரவரி 7, புதன்

காலையில் கதவைத் திறந்தால் கெஸ்லர் அம்மாள் நிற்கிறாள். தலைகூட வாரவில்லை. இந்தப் பொம்பளையை நான் தலை வாராமல் பார்த்ததே இல்லை.

"என் மகன் ஹாம்பர்க்கிலிருந்து வந்திருந்தான். இந்தப் படியைப் பார்த்தான். அம்மாவால் இனி வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை, இரண்டு பேரையும் இல்லத்தில் சேர்க்கலாம் என்கிறான். என் கணவர் அங்கே கிடக்கிறார். உங்களுக்கு நான் என்ன செய்தேன்? ஏன் இதை எனக்குச் செய்கிறீர்கள்?"

அழுதாள். கோபத்தில் வந்த அழுகை. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கோட்டைக் கழற்றினேன்.

அவளிடம் சொன்னேன். படித்த ஜெர்மன் எல்லாம் எங்கே போனதோ, பிள்ளைகள் பேசுகிற மாதிரி துண்டு துண்டாக வந்தது. என் புருஷன் லாரி. தீப்பெட்டி லோடு. நான்கு வருஷம் முன்னால். விடிகாலை. சண்டை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான், கிளம்பினான். வாசல் தாண்டவில்லை, நான் விளக்குமாறு எடுத்தேன். அவன் முதுகுக்குப் பின்னாலேயே தூத்தினேன். தெரிந்தேதான் தூத்தினேன். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். திரும்பிப் பார்த்தான். போய் லாரியில் ஏறினான். சாயங்காலம் சாத்தூர்ப் பக்கத்தில் லாரி கவிழ்ந்தது.

எழுதிவிட்டேன். நான்கு வருஷமாக எந்தக் காகிதத்திலும் எழுதாததை ராகு காலத்துக்குக் கீழே எழுதிவிட்டேன். லாரியின் டயர் வெடித்தது, போலீஸ் தாளில் இருக்கிறது. டயருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அவன் கடைசியாகப் பார்த்தது என் கையில் இருந்த விளக்குமாறு. அது எந்தத் தாளிலும் இல்லை. என் கனகுவை நான் அப்படி அனுப்பினேன்.

"உங்கள் வீட்டுக்காரர் போனபின் நான் பெருக்க மாட்டேன்" என்றேன். "வீடு போனாலும் சரி. என் பெயரை முழுசாகச் சொல்கிற ஆள் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். அவர் வரட்டும்."

கெஸ்லர் அம்மாள் மூக்கைத் துடைத்தாள். "மூட நம்பிக்கை" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூட நம்பிக்கையாம். பல் பிரஷ் எடுத்துப் படிமூலையைத் தேய்க்கிறவள் சொல்கிறாள்!

பிப்ரவரி 9, வெள்ளி

சரியாக நான்கு மணிக்கு மாயர் வந்தார். கையில் ஒரு கோப்பு. அதற்குள் என் ஒப்பந்தம் இருந்தது, கையெழுத்து இல்லாமல். படியின் அடியிலேயே நின்றுவிட்டார். மூன்று வாரத்துச் சேறு காய்ந்து, பொடிக்கல் கிடந்து, ஆற்றங்கரைப் பாதை மாதிரி இருந்தது.

நான் மேலே நின்றேன். நல்ல சேலை கட்டியிருந்தேன். தோற்கப் போகிறேன் என்று தெரிந்தது. தோற்பதென்றாலும் அழுக்குச் சட்டையோடு தோற்க மாட்டேன்.

"திருமதி வல்லி, உங்களுக்குப் போதுமான அவகாசம் கொடுத்தேன்."

"கொடுத்தீர்கள்."

"ஏன் செய்யவில்லை?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். எதிர்க்கதவு திறந்தது. கெஸ்லர் அம்மாள் தலை வாரி, காதில் முத்துத் தோடு போட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சர்ச்சுக்குப் போகிற மாதிரி வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"திரு மாயர், இந்தப் படியை இப்போது யாரும் பெருக்க மாட்டார்கள்."

"புகார் கொடுத்ததே நீங்கள்தானே?"

"கொடுத்தேன். திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் கணவர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை."

மாயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அதற்கும் படிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"அது மூன்றாம் மாடி விஷயம்" என்றாள் கெஸ்லர் அம்மாள். "நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட நான் தவறியதில்லை. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. இவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள்."

மாயர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோப்பைக் கைப்பிடி மேல் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார். கைப்பிடியில் தூசி. தன் கைக்குட்டையால் துடைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார்.

அவர் போனபின் நன்றி சொல்லத் திரும்பினேன். அவள் உள்ளே போயிருந்தாள். தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பிறகு எழுந்து உப்புமா கிண்டினேன்.

பிப்ரவரி 17, சனி

வந்துவிட்டார்!

பத்தரைக்கு வண்டி வந்தது. அதே மாதிரி நாற்காலி. வலது கை மடியில் கிடக்கிறது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பாதிப் படியில் என்னைப் பார்த்துவிட்டு, இடது கையால் நாற்காலியைத் தட்டி நிறுத்தச் சொன்னார். வாயைக் கோணலாகத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, "செண்" என்றார். அடுத்த படி. "ப." அதற்குமேல் வரவில்லை. கண்ணில் நீர் கட்டிவிட்டது. பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்த கெஸ்லர் அம்மாள்தான் மிச்சத்தைச் சொன்னாள். தப்பாகத்தான் சொன்னாள். ஆனால் ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை.

அவர் வீட்டுக்குள் போய், கதவு சாத்திய சத்தம் கேட்டபின் அலமாரியைத் திறந்தேன். பதினெட்டுப் படி. நான்கு தடவை தண்ணீர் மாற்றினேன். ஒரு கிலோ பொடிக்கல்லாவது இருக்கும். கைப்பிடியின் அடிப்பக்கம், ஏழாம் படி மூலை எல்லாம் துடைத்துவிட்டுப் பலகையை அவர்கள் கதவில் மாட்டினேன்.

ஐந்து நிமிஷத்தில் கெஸ்லர் அம்மாள் வெளியே வந்து விரலை ஓட்டினாள். "மூலை" என்றாள்.

பன்னிரண்டாம் படி மூலை. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

சுபிக்கு விசா கிடைத்துவிட்டது. கெஸ்லர் அம்மாள் வீட்டில் பழைய சைக்கிள் ஒன்று இருக்கிறதாம், சின்னப் பிள்ளை அளவு. செயின்தான் இல்லை.

மே 18, சனி

சுபி வியாழக்கிழமை சாயங்காலம் அத்தானோடு கோவில்பட்டியில் ரயில் ஏறினாள். சென்னையில் அவளை விமான நிறுவனத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டார். இன்று சாயங்காலம் நாலேகாலுக்கு இங்கே இறங்குகிறாள்; விமான நிலைய பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

காலையில் அக்காவை அழைத்தேன். நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். "விளக்குமாத்தத் தூக்கிப் பரண்ல போட்டாச்சி. ரெண்டு நாளா வீடு குப்பையா கெடக்கு, எறும்பு ஊருது. புள்ள வந்து உன் வீட்டுக்குள்ள கால வச்சதும் எனக்கு ஒரு போன் போடு. அப்பதான் எடுப்பேன்."

என்னைக் கிறுக்கு என்றவள்.

இரண்டு மணிக்கு விமான நிலையத்துக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தேன். இந்த வாரப் பலகை கெஸ்லர் வீட்டுக் கதவில் தொங்கியது. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. மழைச்சேறு, செருப்புத் தடம், மரத்திலிருந்து பறந்து வந்த பஞ்சு, எல்லாம் படியில் அப்படியே கிடந்தன. பெரியவர் வாசலில் சக்கர நாற்காலியில். அவருக்குப் பின்னால் கெஸ்லர் அம்மாள், இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, யாராவது வந்து பெருக்கச் சொல்லிப் பார்க்கட்டும் என்கிற மாதிரி நின்றாள். விளக்குமாறு கண்ணில் படவில்லை.

"பிள்ளை இன்னும் வரவில்லை" என்றாள்.

கிளம்பிய வீட்டில்தான் தூத்தக்கூடாது, வருகிற வீட்டில் தாராளமாகத் தூத்தலாம், தூத்தித்தான் வைக்க வேண்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏழாம் படி மூலையைப் பார்த்தேன். நல்ல அழுக்கு.

"ஆமாம், இன்னும் வரவில்லை" என்றேன். தடத்தை மிதிக்காமல் ஓரமாக இறங்கினேன்.